விமானியின் ஆங்கிலமும் மூட்டை தூக்குபவரின் ஆங்கிலமும்

"இங்கிலீஷ் பேசத் தெரியாதவனுக்கு ஏர்போர்ட்டில் என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் யார்? ஆளெடுக்கும் கான்ட்ராக்டர் கேட்கிறார். அவருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் கேட்கிறார். கோச்சிங் சென்டர் நடத்துகிறவர் கேட்கிறார். இவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, இப்போது நம் வீட்டுத் தாய்மார்களே தாங்கள் பெற்ற பிள்ளையைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

வெறும் கேள்வியோடு விடுவதில்லை. பின்னால் ஒரு பெரிய பெயரையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். "உலக விமானச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஐ.சி.ஏ.ஓ. லெவல் ஃபோர் வாங்காவிட்டால் விமான நிலையத்தில் நுழையவே முடியாது" என்கிறார்கள். சட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் ஆட்களுக்கு வாய் அடைத்துப் போகிறது. அந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. தோழர்களே, கேட்டிருக்க வேண்டும்! கேட்டிருந்தால் அது கான்ட்ராக்டர் பக்கம் பேசவில்லை, நம் பக்கம் பேசுகிறது என்று தெரிந்திருக்கும்.

ஐ.சி.ஏ.ஓ. என்பது ஐக்கிய நாடுகள் சபையைச் சேர்ந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் சுருக்கப் பெயர். 1944-ல் சிகாகோ நகரில் நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தத்தில் பிறந்தது. தலைமையகம் கனடாவின் மான்ட்ரீல். பேச்சு மொழித் திறனைச் சோதிக்கும் விதியை அது 2003-ல் செய்தது. 2008 மார்ச் 5 முதல் அமல் என்றது. பல நாடுகள் தயாராகாததால் 2011 மார்ச் வரை தவணை கொடுத்தது. விதி யாருக்கு? விமானமும் ஹெலிகாப்டரும் ஓட்டுகிறவர்களுக்கு. கீழே இருந்து அவர்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு. ரேடியோ நிலையத்தில் உட்கார்ந்து விமானத்தோடு பேசும் ஆபரேட்டர்களுக்கு. அதாவது, பறக்கிற விமானத்துக்கும் தரைக்கும் இடையே ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு மட்டும்.

பெட்டி ஏற்றி இறக்கும் லோடருக்கு அந்த விதி இல்லை. கழிப்பறை கழுவும் பெண்ணுக்கு இல்லை. டிராலி தள்ளுகிறவருக்கும், கேன்டீனில் தட்டு எடுக்கிறவருக்கும் இல்லை. டிக்கெட் பார்த்துப் பெட்டி வாங்கும் கவுண்டர் வேலைக்கு நாலு மொழி பேசத் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் அதற்கும் இந்த விதி கிடையாது.

அப்படியானால் எதற்காக வந்தது இந்தச் சோதனை? வெள்ளைக்காரன் நம்மை மட்டம் தட்டுவதற்காக வந்தது என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். இல்லை. பிணங்களின் மேல் நின்று வந்தது. அதிலும், தில்லியில் குடியிருக்கும் நமக்கு மிக அருகில் விழுந்த பிணங்கள்.

1996 நவம்பர் 12. இருட்டத் தொடங்கிய மாலை நேரம். தில்லியிலிருந்து சவூதி அரேபிய விமானம் ஒன்று 312 பேரோடு கிளம்புகிறது. அதில் பெரும்பகுதி இந்தியர்கள். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். நேபாளிகளும் இருந்தார்கள். நம்மைப் போல ஊரை விட்டு வந்து, நம்மைவிடத் தூரம் போகத் துணிந்தவர்கள். எதிர்ப்பக்கமிருந்து கஜகஸ்தான் நாட்டு விமானம் 37 பேரோடு தில்லியில் இறங்க வருகிறது. ஏறுகிற விமானத்துக்கு 14,000 அடியில் நில் என்று உத்தரவு. இறங்குகிற விமானத்துக்கு 15,000 அடியில் நில் என்று உத்தரவு. இடையில் ஆயிரம் அடி. எதிரே ஒரு விமானம் வருகிறது என்று கோபுரம் கஜக் விமானத்துக்குச் சொன்னது. எத்தனை மைல் என்று அவர்கள் கேட்டார்கள். 14 மைல் என்றது கோபுரம். அடுத்து 13 மைல், அதன் உயரம் 14,000 என்றது. சற்று நேரத்தில் கஜக் விமானம் தன் 15,000 அடியை விட்டுக் கீழே இறங்கியது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி ஊருக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

விசாரணை நடத்தியவர் நீதிபதி ஆர்.சி. லஹோட்டி அவர்கள். பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். உத்தரவில்லாமல் கீழே இறங்கியதே மூல காரணம் என்று அவர் கண்டார். அதற்குத் துணை நின்ற காரணங்களில் ஒன்று, அந்த விமானிகளுக்கு ஆங்கிலம் போதாமல் கோபுரம் சொன்னதைத் தவறாகப் பொருள்கொண்டது. அந்த விமானத்தில் ரேடியோவில் பேசுவதற்கென்றே தனி ஆள் இருந்தார். விமானம் ஓட்டுகிறவர் ஒருவர், பேசுகிறவர் வேறொருவர். ஒருவர் காதில் விழுந்தது இன்னொருவர் கைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் முதலாளிமார்களுக்கு நிம்மதி. நாம் நிறுத்தப் போவதில்லை. அன்றைக்குத் தில்லியில் வரும் விமானத்துக்கும் போகும் விமானத்துக்கும் ஒரே வான்பாதை! தில்லியைச் சுற்றியிருந்த வானத்தின் பெரும்பகுதி விமானப்படையின் கையில் இருந்தது. விமானம் எத்தனை அடி உயரத்தில் பறக்கிறது என்பதைத் திரையிலேயே காட்டும் ரேடார் அப்போது அங்கே வேலைக்கு வந்திருக்கவில்லை. உயரத்தை விமானி வாயால் சொன்னால்தான் கோபுரத்துக்குத் தெரியும். விபத்துக்குப் பிறகுதான் பாதையைப் பிரித்தார்கள். மோதல் நெருங்கினால் விமானத்துக்குள்ளேயே அலறும் கருவி கட்டாயம் என்று உத்தரவு போட்டார்கள்.

ரயில்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒற்றை லைனில் எதிரெதிரே வண்டி ஓடுகிற இடத்தில் வாய்ப்பேச்சை மட்டும் நம்பி நாம் வண்டி விட்டதில்லை. மிஷினிலிருந்து இரும்புப் பந்து டோக்கனை எடுத்து டிரைவர் கையில் கொடுத்தால்தான் வண்டி நகரும் என்ற ஏற்பாட்டைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தோம். அடுத்த ஸ்டேஷனோடு பேசும்போதும் பிரைவேட் நம்பர் வாங்கி, திருப்பிச் சொல்லி, எழுதிக்கொண்ட பிறகுதான் அடுத்த வேலை. மனிதன் காதில் பிசகும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது. வாய்ப்பேச்சை நம்பியே தீரவேண்டும் என்ற நிலைமையை மேலே இருப்பவர்கள் உண்டாக்கிவிட்டு, விபத்து நடந்ததும் "அவனுக்கு இங்கிலீஷ் போதாது" என்று கீழே இருப்பவன் தலையில் கட்டுவது சுலபம். இங்கிலீஷ் போதாது என்பது உண்மைதான். கருவி போதாது என்பதும் அதே அளவு உண்மை.

இந்த விபத்துக்கும் அதற்கு முந்தைய சில விபத்துகளுக்கும் பதிலாகத்தான் 1998-ல் ஐ.சி.ஏ.ஓ. பேரவை மொழித் திறன் பற்றித் தீர்மானம் போட்டது. முந்தையவற்றில் இரண்டைச் சொல்கிறேன்.

1990 ஜனவரி 25. கொலம்பியா நாட்டு அவியாங்கா விமானம் நியூயார்க்கில் இறங்க வந்தது. அங்கே வானிலை மோசம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்ற வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. எமர்ஜென்சி என்று சொல் என்று கேப்டன் சொல்கிறார். பக்கத்தில் ரேடியோவில் பேசிய துணை விமானியோ, எரிபொருள் தீர்ந்து வருகிறது என்று வேறொரு பேச்சின் வாலில் சேர்த்துச் சொல்கிறார். முன்னுரிமை வேண்டும் என்றும் முன்னதாகக் கேட்டிருந்தார்கள். "எமர்ஜென்சி", "மேடே" என்ற உயிர்ச் சொற்கள் வாயில் வரவே இல்லை. கோபுரம் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டது. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்து விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டார்கள். அந்தத் துணை விமானிக்கு ஆங்கிலம் தெரியாதா? தெரியும். ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்ட அந்த ஒரு சொல் வரவில்லை.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 1989 பிப்ரவரி 19, மலேசியாவில் கோலாலம்பூருக்கு அருகே. ஃபிளையிங் டைகர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சரக்கு விமானம். ஓட்டியவர்கள் அமெரிக்கர்கள், ஆங்கிலம் தாய்ப்பாலோடு வந்தவர்கள். 2,400 அடிக்கு இறங்கு என்பதைக் கோபுரம் "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னது. முதலில் வந்த "டூ" என்பதை இரண்டு என்று எடுத்துக்கொள்ளாமல், "நானூறு அடிக்கு இறங்கு" என்பதில் வரும் "-க்கு" என்று எடுத்துக்கொண்டார்கள். "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று திருப்பியும் சொன்னார்கள். கோபுரம் திருத்தவில்லை. மலையில் மோதி நால்வரும் இறந்தார்கள். முறைப்படி "இரண்டாயிரத்து நானூறு" என்று முழுதாகச் சொல்லியிருந்தால் அந்த நால்வர் வீடு திரும்பியிருப்பார்கள். ஆங்கிலம் யார் வீட்டு மொழியோ, அவர்களையே அஜாக்கிரதையான ஆங்கிலம் கொன்றது!

ஆகவே வானத்தில் அவர்கள் சோதிப்பது பகட்டான ஆங்கிலத்தை அல்ல. எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆறு தலைப்புகள்: உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், கேட்டுப் புரிந்துகொள்ளுதல், உரையாடல். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஆறு வரை படிகள். நாலாம் படி வாங்கினால் வேலைக்குத் தகுதி. ஆறு தலைப்பில் எது குறைவோ அதுதான் மொத்த மதிப்பு. ஐந்தில் ஆறு வாங்கிவிட்டு, கேட்டுப் புரிந்துகொள்ளுதலில் மூன்று வாங்கினால் அவர் மூன்றுதான். வாயால் வெளுத்து வாங்குகிறவர் காதை மூடிக்கொண்டிருந்தால் அங்கே தேற முடியாது. நம் ஊர் மேடைப் பேச்சாளர்கள் பலர் நாலாம் படி தாண்ட மாட்டார்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

நாலாம் படிக்காரருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுசோதனை, ஐந்தாம் படிக்காரருக்கு ஆறு வருஷத்துக்கு ஒருமுறை. மனப்பாடம் செய்த வாசகங்களை ஒப்பித்துவிட்டு எழுந்து வர முடியாது. வழக்கமான வாசகங்கள் உதவாத நேரத்தில், ஒரு பயணிக்கு மாரடைப்பு, ஒரு சக்கரம் இறங்கவில்லை என்றால், சாதாரணப் பேச்சில் விஷயத்தைச் சொல்லத் தெரிகிறதா, கேட்டுத் தெளியத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது விதி.

உச்சரிப்புக்கு என்ன அளவுகோல்? இதைத்தான் ஒவ்வொரு வீட்டிலும் உரக்கப் படிக்க வேண்டும். நாலாம் படிக்காரரின் உச்சரிப்பில் தாய்மொழியின் சாயல் இருக்கலாம், புரிந்துகொள்வதற்கு அது எப்போதாவதுதான் தடையாக வேண்டும் என்கிறது விதி. உச்சியில் இருக்கும் ஆறாம் படிக்குப் போனாலும் தாய்மொழிச் சாயல் இருக்கலாம், அது ஏறக்குறைய எப்போதும் தடையாகக் கூடாது, அவ்வளவுதான் என்கிறது. தமிழ் நாவில் தமிழ் வாசனை இருப்பது குற்றமில்லை என்று உலக விதியே சொல்கிறது!

இதற்கு மேலும் ஒன்று உண்டு. ரேடியோவில் எண்களை எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று என்பதற்கு நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து வெள்ளைக்காரர் போலக் காற்று விட வேண்டியதில்லை, "டிரீ" என்று சொல். ஐந்து "ஃபைஃப்". ஒன்பது "நைனர்". ஆயிரம் "டவ்சண்ட்". எந்த ஆங்கிலப் பள்ளிக்கூட டீச்சர் கேட்டாலும் ஸ்கேலால் அடிப்பார்! இரைச்சலில் பிசகக் கூடாது என்று ஆங்கிலத்தையே வளைத்திருக்கிறார்கள். அல்ஃபா, பிராவோ என்று எழுத்துகளுக்குச் சொல்லும் பெயர்களிலும் அப்படித்தான். "அல்ஃபா"வை ஆங்கில வழக்கப்படி எழுதாமல் 'எஃப்' போட்டே எழுதினார்கள். "ஜூலியட்"டுக்குக் கடைசியில் இரண்டு 'டீ' போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கடைசி ஒற்றை 'டீ'யை ஒலிக்காமல் விட்டுவிடுவார்கள் என்பதற்காக. பேசுகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கவில்லை. எதிரில் இருப்பவனுக்குப் புரிகிறதா என்று பார்த்தார்கள். அதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் அந்த அமைப்பின் கையேடு புத்தி சொல்கிறது: வேகத்தைக் குறை, உங்கள் ஊர்ச் சொலவடைகளை ரேடியோவில் விடாதே என்று.

இனித் தரைக்கு வருவோம். விமான நிலைய வாசலுக்கு வெளியே, ஒரு மாடி அறையில் நடக்கும் இன்டர்வியூவுக்கு.

நம் சங்கத்துப் பிள்ளை ஒருவன். அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கம், இங்கே இஸ்திரி வண்டி தள்ளுகிறார். பையன் பன்னிரண்டாவது தேறியவன். தமிழும் இந்தியும் சரளம், ஆங்கிலம் படித்தால் புரியும், பேசினால் தட்டுத் தடுமாறி வரும். லோடர் வேலைக்குப் போனான். உட்கார்ந்திருந்தவர் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். பெட்டி தூக்குகிறவனுக்குப் பொழுதுபோக்கு! எத்தனை கிலோ தூக்குவாய், இரவு ஷிப்ட் வருவாயா, அபாயக் குறிகளைப் படிக்கத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் "எம்.டி.ஐ. அதிகம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எம்.டி.ஐ. என்றால் என்ன என்று பையனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. விசாரித்தால், தாய்மொழித் தாக்கமாம். கால் சென்டர்களில் புழங்கும் சொல். 300 பேர் உயிரைக் கையில் வைத்திருக்கும் விமானிக்குத் தாய்மொழிச் சாயல் இருக்கலாம். அந்த விமானத்தில் பெட்டி ஏற்றுகிறவனுக்கு இருக்கக் கூடாது! இந்த நியாயத்தை எந்தப் புத்தகத்தில் படித்தார்கள்?

வானத்துச் சோதனையில் அளவுகோல் அச்சிட்டு எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. இங்கே அளவுகோல் அந்த ஒருவர் மண்டைக்குள் இருக்கிறது. அங்கே எந்தத் தலைப்பில் எத்தனை என்று சொல்ல முடியும். இங்கே "போ" என்பதுதான் ரிசல்ட். அங்கே வேலைக்கு வேண்டிய பேச்சைச் சோதிக்கிறார்கள். இங்கே சோதிப்பது பேச்சையே அல்ல. பையன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தான், அப்பன் என்ன தொழில், எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்பதையெல்லாம் வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டு, ஆங்கிலத்தின் வழியாகக் கேட்கிறார்கள். முன்பு தோளில் தொட்டுப் பார்த்த பூணூலை இப்போது நாக்கில் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இங்கே நம் பக்கத்து நண்பர்கள் சிலரோடும் எனக்கு வழக்கு இருக்கிறது. "ஆங்கிலச் சோதனை என்பதே அடிமைத்தனம், வானத்திலும் அவரவர் மொழிதான் வேண்டும்" என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்குகிறார்கள். அவர்கள் 1976 செப்டம்பர் 10-ஐப் படிக்க வேண்டும். யூகோஸ்லாவியாவின் ஜாக்ரெப் நகருக்கு மேலே பிரிட்டிஷ் விமானம் ஒன்றும் உள்நாட்டு விமானம் ஒன்றும். மோதல் நெருங்குவதைக் கண்ட கட்டுப்பாட்டு அதிகாரி பதறிப்போய்த் தன் தாய்மொழியில் உள்நாட்டு விமானியோடு பேசினார். பிரிட்டிஷ் விமானிகளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. 176 பேர் இறந்தார்கள். அந்த அதிகாரிமேல் எனக்குக் கோபமில்லை. ஆபத்தில் அம்மா என்றுதான் கத்துவோம். ஆனால் பல நாட்டு விமானங்கள் பறக்கிற வானத்தில் எல்லோர் காதுக்கும் புரிகிற ஒரு மொழி வேண்டும் என்பதை அந்த 176 பேருக்குப் பிறகு எப்படி மறுப்பது?

அதே 1976-ல் கனடாவில் வேறொன்று நடந்தது. கியூபெக் மாநிலத்தில் பிரெஞ்சு பேசும் விமானிகள், எங்கள் மண்ணில் எங்கள் மொழியில் பேச விடு என்றார்கள். ஆங்கில விமானிகள் ஆபத்து என்று சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு விசாரணைக் கமிஷன் வைத்தது. இரு மொழி வைப்பதால் பாதுகாப்பு குறையாது என்று 1979-ல் அது அறிக்கை கொடுத்தது. இன்றும் அங்கே பிரெஞ்சும் ஒலிக்கிறது, ஆங்கிலமும் ஒலிக்கிறது. உலக விதியும் அதற்கு இடம் விட்டிருக்கிறது. தரை நிலையத்தில் வழக்கமாகப் பேசும் மொழியில் பேசலாம், சர்வதேசப் போக்குவரத்து உள்ள இடத்தில் கேட்டால் ஆங்கிலமும் கிடைக்க வேண்டும் என்பதே விதி. சோதித்துப் பார்த்து, ஆதாரத்தோடு உரிமையைப் பெற்றார்கள். வெறும் கைதட்டலில் பெறவில்லை.

நம் சொந்த வீட்டில் நடந்ததும் உண்டு. 2019 மே மாதம் மதுரை மாவட்டத்தில் திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே, ஸ்டேஷன் மாஸ்டர்களுக்குள் பேச்சு பிசகி, ஒரே லைனில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வரும் நிலை ஏற்பட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஒருவர் தமிழ் பேசுகிறவர், மற்றவர் இந்தி பேசுகிறவர் என்று பத்திரிகைகள் எழுதின. இதற்குத் தெற்கு ரயில்வே கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? கட்டுப்பாட்டு அறையும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டும் பேச வேண்டும், மாநில மொழியைத் தவிர்க்க வேண்டும் என்று ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை! தமிழ்நாடே கொதித்தது. சில நாளில் சுற்றறிக்கை வாபஸ் ஆனது.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. சுற்றறிக்கைகளைப் படித்தே தலை நரைத்தவன். அந்தச் சுற்றறிக்கையின் குற்றம் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்பட்டதில் இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் சோதனைக்கு நிறுத்தியதில் இருக்கிறது. மதுரைப் பக்கம் ரயில் ஓட்டுகிற இடத்தில் தமிழ்க் காது இல்லாதவரை உட்கார வைத்தவர் யார்? கேட்மேனுக்கும் கேங்மேனுக்கும் அவர் எந்த மொழியில் ஆபத்தைச் சொல்வார்? வானத்து விதியைத் தரையில் நேர்மையாகக் கடைப்பிடித்தால், அங்கே வருகிற அதிகாரிக்குத் தமிழில் வாய்மொழிச் சோதனை வைக்க வேண்டும். நாலாம் படி தேறும் வரை ஸ்டேஷனை அவர் கையில் கொடுக்கக் கூடாது. நம் ஆள் ஹரியானாவில் வேலைக்கு வந்தால் இங்கே வேலைக்கு வேண்டிய இந்தியை அவர் தேற வேண்டும். அதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இடையே ஒரு வேடிக்கை. 1934-ம் வருஷத்து விமானச் சட்டத்தை எடுத்துவிட்டு 2024-ல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். பெயர் "பாரதீய வாயுயான் அதிநியம்". வானத்தில் புரியும்படி பேசு என்று விமானிக்கு உத்தரவு போடுகிற நாட்டில், சட்டத்தின் பெயரே பாதி நாட்டுக்குப் புரியவில்லை! தென்னாட்டு எம்.பி.க்கள் எழுந்து கேட்டார்கள். பெயர் மாறவில்லை.

கோச்சிங் சென்டர்களுக்கு வருகிறேன். "ஏவியேஷன் இங்கிலீஷ், ஐ.சி.ஏ.ஓ. சர்டிபிகேட், நூறு சதவீதம் வேலை" என்று நம் காலனிச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். மேலே சொன்ன பையனின் அம்மா சங்கிலியை அடகு வைத்து அப்படி ஓர் இடத்தில் சேர்த்தார். மூன்று மாதம் "குட் மார்னிங்", "மே ஐ ஹெல்ப் யூ", டை கட்டும் விதம், சிரிக்கும் விதம். கடைசியில் விமானப் படம் போட்ட ஒரு காகிதம். விமானியோ கட்டுப்பாட்டு அதிகாரியோ ஆவதற்கு அந்தக் காகிதம் உதவாது. லைசென்ஸுக்கான மொழிச் சோதனையை நடத்த அரசு விமான இயக்குநரகத்தின் அங்கீகாரம் வேண்டும், தெருமுனைக் கடை நடத்த முடியாது. லோடர் வேலைக்கோ அந்தக் காகிதம் தேவையே இல்லை. தேவைப்படுகிறவருக்குச் செல்லாது, செல்லுகிற இடத்தில் தேவையில்லை. இப்படி ஒரு சரக்கை விற்க இவர்களால்தான் முடியும். சங்கிலி இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

ஆங்கிலம் படிக்காதே என்று நான் சொல்லவில்லை. பத்தாவதோடு நின்ற நானே இந்த வயதில் அகராதியைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். படியுங்கள், நன்றாகப் படியுங்கள். பயத்தில் காசைக் கொட்டாதீர்கள் என்கிறேன்.

கான்ட்ராக்டர்களிடமும் விமான நிலைய நிர்வாகத்திடமும் நாம் கேட்பது இதுதான். ஒரு வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்றால், என்ன பேச, யாரோடு பேச, எந்த அளவு என்று விளம்பரத்திலேயே எழுது. சோதனை வைத்தால் அளவுகோலை முன்கூட்டிக் கொடு. தேறாதவனுக்கு எதில் தேறவில்லை என்று எழுத்தில் கொடு, மறுபடி எழுத வாய்ப்புக் கொடு. எம்.டி.ஐ. என்ற சொல்லை உன் ஃபாரத்திலிருந்து அடி. வேலைக்குச் சேர்ந்த பிறகு கூடுதல் மொழி வேண்டுமென்றால் உன் செலவில், டூட்டி நேரத்தில் சொல்லிக் கொடு. விமானிக்கு இத்தனை முறையாகச் செய்ய முடிகிறவர்களுக்கு லோடருக்குச் செய்ய முடியாதா?

இந்த மனுவில் கையெழுத்து வாங்கும் வேலை நம் சங்கத்தில் தொடங்கிவிட்டது. இன்டர்வியூவில் ஆங்கிலத்தைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தேதி, இடம், கேட்ட கேள்வி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். தமிழில் எழுதினால் போதும். கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்கள் கொடுக்கும் ஃபாரத்தை எடுத்து வந்து காட்டுங்கள். கட்டிவிட்டவர்கள் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு செய்தி. உங்கள் மகள் கணக்கிலும் இயற்பியலிலும் கெட்டியாக இருந்தால், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களுக்கு உத்தரவு போடும் வேலைக்கே அவள் போகலாம். கணிதமும் இயற்பியலும் படித்த பி.எஸ்ஸி. பட்டமோ பொறியியல் பட்டமோ இருந்தால், விமான நிலைய ஆணையம் நடத்தும் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் தேர்வை எழுதலாம். ஆங்கிலத்தில் அவர்கள் கேட்கும் தகுதி பன்னிரண்டாம் வகுப்பு நிலைதான். குரல் சோதனை உண்டு. எழுத்துத் தேர்வு கடினமானது, போட்டி அதிகம். சங்கிலியை அடகு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்த மூன்று வருஷக் கல்லூரிப் படிப்புக்கு வையுங்கள். தேர்வு அறிவிப்பு வரும்போது, கடைசித் தேதியோடு, இந்த இதழில் தமிழில் போடுகிறோம்.